முப்பது கிலோ சட்டமும் ஞானையனின் சைக்கிளும்

மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவனாக்கும் நான். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக மூன்று பிக்கப் வண்டி உண்டு. சந்தைமுக்கில் ‘சதாசிவன் குலைக்கடை’ என்று ஆள் உயரத்துக்கு போர்டு உண்டு. கிளாஸுக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துவரை படித்திருந்தால் பத்து வண்டி வாங்கியிருப்பாயே என்று சிலர் கிண்டலாகக் கேட்பது உண்டு. பத்துவரை படித்த எவனும் எங்கள் சந்தையில் வண்டி வாங்கினதாக நான் பார்க்கவில்லை. என் வண்டிக்கு டிரைவராக வேலை கேட்டு வந்துதான் பார்த்திருக்கிறேன்.

என் பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. அது ஊருக்குத் தெரிந்த காரியம். இது ஞானையனைப் பற்றியது.

எங்கள் பக்கம் ஞானையன் என்று நாலைந்து பேர் உண்டு. குலைசைக்கிள் ஞானையன் ஒருத்தன்தான். காரோடு என்கிற ஊர்க்காரன். தோட்டத்தில் வெட்டின வாழைக்குலையை சைக்கிளில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவருவது அவன் தொழில். அறுபது தாண்டியும் அதுதான். நானும் அவனும் ஒரே வயசு, ஒரே காலத்தில் குலை சுமக்க இறங்கினவர்கள். நான் தலைச்சுமடில் தொடங்கினேன், அவன் சைக்கிளில் தொடங்கினான். அப்போது அவன் எனக்கு ஒரு படி மேலே. பிறகு நான் ஏறிப் போனேன். அவன் அதே படியில் நின்று பெல் அடித்துக்கொண்டிருக்கிறான். பெல் என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. அவன் சைக்கிளில் பெல் கிடையாது. “ஓரம்! ஓரம்! குலை!” என்று தொண்டையால் அடிப்பான். அந்தச் சத்தத்துக்கு அரசு பஸ்ஸே ஒதுங்கும்.

ஐந்தாம் கிளாஸ் படித்தவன், என்னைவிட இரண்டு கிளாஸ் கூடுதல். அந்த இரண்டு கிளாஸ்தான் அவனைக் கெடுத்தது என்பது என் அபிப்பிராயம். படித்தவனுக்கு யோசனை கூடும், யோசனை கூடினவன் வண்டி வாங்கமாட்டான்.

ஒருமுறை நானே கூப்பிட்டேன். “ஞானையா, எனக்க வண்டியில கேறி இருந்து குலை ஏத்தி இறக்கு. முட்டு வலிக்க இனியும் சைக்கிள் சவுட்டணுமா?”

அவன் சைக்கிளில் இருந்து இறங்காமலே பதில் சொன்னான். “எலே சதாசிவா, உனக்க வண்டி வழியில நிண்ணா நீ நாலு ஆபீஸ் கேறி இறங்கணும். எனக்க சைக்கிள் நிண்ணா நான் இறங்கித் தள்ளினா மதி, அது போதும்.”

அதில் கொஞ்சம் உண்மை உண்டு என்பதால் நான் பிறகு கூப்பிடவில்லை.

எங்கள் எல்லையில் வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. காரோட்டில் இருந்து நாலு சவுட்டு சவுட்டினால் தமிழ்நாடு, திரும்பி நாலு சவுட்டினால் கேரளம். தோட்டக்காரனின் வீடு ஒரு மாநிலத்தில் இருக்கும், அவன் வெட்டிய குலை விழுவது இன்னொரு மாநிலத்தில். என் பிக்கப் அந்தக் குலையை ஏற்றப் போக வேண்டுமானால் பெர்மிட் வேணும், வரி வேணும், இன்ஷூரன்ஸ் வேணும், புகை சர்டிபிகேட் வேணும், கண்ணாடியில் ஒட்ட வேண்டியதெல்லாம் ஒட்டி முடித்தால் டிரைவருக்கு ரோடு தெரியாது. ஞானையனின் சைக்கிளுக்கு ஒன்றும் வேண்டாம். நம்பர் இல்லை, வரி இல்லை, பிரேக்கும் பாதிதான். கேரியருக்குக் குறுக்கே ஒரு பலகை. பலகையின் இரண்டு பக்கமும் குலை தொங்கும். குலைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வாழைச்சருகும், அவன் பெண்டாட்டி கார்த்தியாயினியின் பழைய சேலையும் மெத்தை. எங்கள் வண்டியில் வரும் குலையில் ஒரு கறுப்புத் தழும்பாவது இருக்கும். அவன் கொண்டுவரும் குலை மரத்தில் நின்ற மாதிரியே வந்து சேரும். இதை நான் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னால் கூலி கூட்டிக் கேட்பான்.

இப்படிப்பட்டவனை ஒரு சட்டம் வந்து பிடித்தது. அந்தச் சட்டத்தைச் செய்ததில் எனக்கும் பெரிய பங்கு உண்டு என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

எங்கள் டவுன் எது என்று கேட்காதீர்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. அப்படி ஒரு டவுனே இல்லை என்று நீங்கள் சாதித்தால் எனக்கு இன்னும் நல்லது. கவுன்சிலர் என்னோடு கோபிக்கமாட்டார். அந்த டவுனில் ஒரு டிராபிக் ஆலோசனைக் கமிட்டி உண்டு. ஒரு வக்கீல், ரிட்டயர் ஆன ஒரு இன்ஜினியர், பேக்கரி முதலாளி, கவுன்சிலர், வியாபாரிகள் பேரில் நான். மாதம் ஒருமுறை கூடுவோம். பருப்புவடை வரும். வடை சூடாக இருக்கும் மாதத்தில் தீர்மானம் ஒன்றும் வராது, ஆறிப்போன மாதத்தில் ஏதாவது ஒரு சட்டம் வரும்.

அப்படி ஆறிப்போன ஒரு மாதத்தில் வந்த சட்டம்தான் இப்போது சந்தைமுக்கில் பெரிய போர்டாக நிற்கிறது. காலை எட்டு முதல் பத்தரை வரை சரக்கு வண்டியும் வாடகை வண்டியும் சந்தை ரோட்டில் ஏறக்கூடாது. சைக்கிள்காரன் பச்சைப் பெயிண்ட் அடித்த பாதையில் மட்டும் போக வேண்டும்.

பச்சைப் பாதை இன்ஜினியர் சாரின் யோசனை. வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போனபோது பார்த்தாராம். அது பேக்கரி வாசலில் பிறந்து டிரான்ஸ்பார்மர் அடியில் உயிரை விடுகிறது. வாழ்நாள் அவ்வளவுதான். அந்தக் குறுகிய வாழ்நாளிலும் அதன்மேல் பேக்கரிக்கு பப்ஸ் தின்ன வந்தவர்களின் கார் நிற்கும். சைக்கிள்காரன் சட்டப்படி போக வேண்டுமானால் கார்களின் மேலே ஏறிப் போக வேண்டும். டிரான்ஸ்பார்மர் வந்ததும் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு பறக்க வேண்டும்.

பிறகு வந்தது சுமை ஏற்றிய சைக்கிள். அது சைக்கிளா, சரக்கு வண்டியா? வக்கீல் ஒன்று சொன்னார், இன்ஜினியர் வேறு சொன்னார். பால்கேன் சுமையா, கேஸ் சிலிண்டர் சுமையா, பின்னால் உட்கார்ந்த பெண்டாட்டி சுமையா என்று வடை தீரும்வரை தர்க்கம். படித்தவர்கள் பேசிப் பேசி ஓய்ந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். “முப்பது.” முப்பது கிலோவுக்கு மேலே ஏற்றினால் சரக்கு வண்டி, கீழே என்றால் சைக்கிள். தராசு இருக்கும்போது தர்க்கம் எதற்கு? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அரை நிமிஷத்தில் சட்டம் பாஸ். மூன்றாம் கிளாஸ்காரனின் வார்த்தை இன்றைக்கு மலையாளத்திலும் இங்கிலீஷிலும் போர்டில் நிற்கிறது. போகும்போது பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த போர்டில் ஜாதை பற்றி ஒரு வரியும் கிடையாது. கொடி பிடித்துக் கோஷம் போட்டு வரும் ஊர்வலத்தைத்தான் நாங்கள் ஜாதை என்போம். கேரளத்தில் சட்டம் எழுதுகிறவனுக்கு ஜாதையைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் வரிசையாக வந்தால் போதும். பஸ் நிற்கும், ஆம்புலன்ஸ் நிற்கும், போலீஸ் முன்னால் நடந்து வழி உண்டாக்கிக் கொடுக்கும். என்ன கோரிக்கை என்று யாரும் கேட்பதில்லை.

ஞானையனுக்கு அந்தச் சட்டத்தால் முதலில் ஒரு குறையும் வரவில்லை. அவன் குலையோடு எட்டு மணிக்கு முன்னாலேயே என் கடையில் வந்து இறங்குகிறவன். போர்டை ஒருநாள் நின்று படித்துவிட்டு, “சதாசிவா, உனக்க சட்டம் எழும்புததுக்கு முன்ன நான் வீட்டில போய்ப் பழங்கஞ்சி குடிச்சிருப்பேன்” என்று சொல்லிப் போனான்.

அப்படியிருக்கத்தான் அவனுடைய ஒரே மகள் சோனாவுக்குக் கல்யாணம் வந்தது. தனுவச்சபுரத்தில் படித்து, லேபில் வேலை பார்க்கிற பிள்ளை. மாப்பிள்ளை அனில், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். சந்தைமுக்கு ரோட்டின் அந்தப் பக்கம் வேதமணி என்பவரின் மகன். கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வைக்காவிட்டாலும் நான் உட்கார்ந்திருப்பேன்.

கல்யாணம் முடிந்தால் எங்கள் பக்கம் அடுக்களை காணல் என்று ஒரு சடங்கு உண்டு. பெண்வீட்டார் பலகாரமும் குலையுமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மகள் இனி சமைக்கப்போகும் அடுக்களையைப் பார்ப்பார்கள். அடுக்களையைப் பார்க்கப் போவதாகத்தான் பேச்சு. உண்மையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குலையைப் பார்ப்பார்கள். ஒரு காய் உதிர்ந்திருந்தால், ஒரு சீப்பில் கறுப்புப் புள்ளி இருந்தால், அந்தப் புள்ளி பெண்ணின் தலையில் ஏறி உட்காரும். பேரப்பிள்ளை பிறந்த பிறகும் இறங்காது.

அந்தக் குலைக்கு இன்னொரு நடப்பும் உண்டு. அதைத் தராசில் ஏற்றக்கூடாது. தராசில் ஏறினால் அது விலைச்சரக்கு. விலைச்சரக்கைக் கொண்டுபோய்ப் பெண் கொடுத்த வீட்டில் இறக்கினால் பெண்ணுக்கே விலை போட்ட மாதிரி. குலை வியாபாரம் செய்கிற நானே என் மகளுக்குக் கொண்டுபோன குலையைக் கடைக்குள் ஏற்றவில்லை, வெளியே மரத்தில் சாத்திவைத்துக் கொண்டுபோனேன். பஞ்சாயத்தையே சமாளிக்கத் தெரிந்த எனக்கு அந்த விஷயத்தில் பெண்டாட்டியைச் சமாளிக்கத் தெரியவில்லை.

ஞானையன் தன் தோட்டத்தில் மகளுக்கென்றே நிறுத்திய இரண்டு குலை. இரண்டும் செந்துளுவன், அந்தச் சிவப்புப் பழம். நான் பிக்கப் தருகிறேன் என்றேன்.

“உனக்க வண்டியில ஏத்தினா குலை கறுத்துப் போவும்” என்றான். “எனக்க மோளுக்க குலை எனக்க சைக்கிளில போவும்.”

சொந்தக்காரர்கள் வேனில், குலையும் அவனும் சைக்கிளில் என்று முடிவானது. கார்த்தியாயினி நல்ல நேரம் கேட்டு வைத்திருந்தாள். பத்து மணிக்குள் அடுக்களையில் கால் வைக்க வேண்டும். பத்துக்கு மேல் நேரம் கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை. எப்போதும் இருட்டிலேயே கிளம்புகிறவன் அன்றைக்குக் குளித்து, புது வேட்டி கட்டி, சந்தனம் போட்டுக் கிளம்பினான். ஒன்பதரை தாண்டியபோது சந்தைமுக்கில் ஏறினான். வாழ்நாள் முழுக்க விற்கிற சரக்கோடு போன வழியில் ஒருத்தரும் கைகாட்டவில்லை. விற்காத குலையோடு போன முதல் நாள் சரக்கு வண்டி என்று நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தினது ஹோம்கார்டு தங்கப்பன். பட்டாளத்தில் இருந்து வந்து முக்கில் விசில் ஊதுகிறவன். இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறவர்கள்தான். ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் புதிதாக வந்த எஸ்.ஐ. பிரசீதா மேடம் நின்றார். மேலே கேமரா.

“எடோ ஞானையா, இன்னைக்கு எந்தா லேட்டு?” என்றான் தங்கப்பன், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே.

“எனக்க மோளுக்க அடுக்களை காணல். கையை எடு தங்கப்பா, நேரம் போவுது.”

மேடம் போர்டைப் பார்த்தார், குலையைப் பார்த்தார். சின்ன வயசு, முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணா, முப்பது கிலோவுக்கு உள்ளே எண்ணா போகலாம். பச்சைப் பாதை காரியம்கூட நான் கேக்கல. மேலே உண்டெங்கில் சைக்கிளும் குலையும் ஸ்டேஷனுக்கு. திங்களாழ்ச்ச வந்து எடுக்கலாம். தங்கப்பன் சேட்டா, எங்கே எடை போடலாம்?”

முக்கில் சீல் வைத்த தராசு யாரிடம் உண்டு? ஞாயிற்றுக்கிழமை யார் கடை திறந்திருக்கும்? சட்டம் செய்தவனின் வாசலுக்கே சட்டம் நடந்து வந்தது. நான் உள்ளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நானும் அடுக்களை காணலுக்கு விளிக்கப்பட்டவன்தானே.

“சதாசிவன் சேட்டா, இந்தக் குலையை ஒண்ணு வெயிட் நோக்கணும்” என்றார் மேடம்.

“அதுக்கென்ன மேடம்” என்று சொல்லி நான் மெஷினை ஆன் செய்ததுதான் தாமதம். ஞானையன் குலைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டான்.

“எலே சதாசிவா, அந்த மெஷினை அணை. எனக்க மோளுக்க குலை தராசில கேறாது. கேறினா பின்ன அதைக் கொண்டுபோக முடியாது. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியாமல் இருக்காது, அவரும் நம்ம பக்கத்துப் பெண்தான். ஆனால் யூனிபார்ம் போட்டால் சில காரியங்கள் மறந்துபோகும்.

“எடை போடலெங்கில் முப்பதுக்கு மேலே எண்ணுதான் எழுத முடியும்” என்றார் அவர்.

“எழுதுங்க. எடை மட்டும் போடக்கூடாது.”

“எழுதினா குலை ஸ்டேஷனுக்குப் போகும் அண்ணா.”

“போகாது.”

பார்த்தீர்களா, இதுதான் ஐந்தாம் கிளாஸ் படிப்பு. தராசில் வைத்தால் விட்டுவிடுவார்கள், ஆனால் மகள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வைக்காவிட்டால் குலை ஸ்டேஷன் முற்றத்தில் கிடந்து பழுக்கும். இரண்டு வழியிலும் சோனாவின் மாமியார் வீட்டில் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். கடிகாரமோ பத்தை நோக்கிப் போகிறது.

தங்கப்பன் நல்லவன். ஒரு வழி சொன்னான். “மேடம், குலையை இறக்கி அவன் தலையில வச்சு நடந்து போகட்டும். நடக்கிறவனுக்குச் சட்டம் இல்லையே.”

“பிடிச்ச பிறகு இறக்கினா தொண்டிமுதலை மாற்றின மாதிரி ஆகும்” என்றார் மேடம். தொண்டிமுதல் என்றால் கேஸில் சாட்சியாக வைக்கிற பொருள். கத்தி, தங்கம் எல்லாம் தொண்டிமுதல் ஆனதைக் கேட்டிருக்கிறேன். செந்துளுவன் தொண்டிமுதல் ஆனது அன்றைக்குத்தான்.

நான் நடுவில் புகுந்தேன். என் அனுபவத்துக்கு முன்னால் மெஷின் எதற்கு? “மேடம், நாற்பது வருஷமா குலை தூக்கற கண்ணாக்கும் இது. பாத்தாலே சொல்லுவேன். ரெண்டும் சேர்ந்து இருபத்தெட்டு. ஒரு கிராம் கூடினா எனக்க மீசையை எடுக்கேன்.”

மேடம் பதில் சொல்வதற்குள் ஞானையன் என் மேல் சாடினான். “நாசமாப் போறவனே! உன்னை யாருலே வாயால தூக்கச் சொன்னது? தராசில போட்டாலும் நாக்கில போட்டாலும் எடை எடைதானே!”

உதவி செய்யப் போனவனுக்குக் கிடைத்த நன்றி இது.

“வாயால சொன்னா கணக்கில்லை” என்று மேடம் சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. சட்டத்துக்குக் கணக்கில்லை என்றால் சடங்குக்கும் கணக்கில்லையாம்.

இதற்கிடையில் முக்கில் வேறொரு கூத்து. சொந்தக்காரர்கள் ஏறி வந்த வேனையும் பாரிகேடுக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிட்டார்கள். வாடகை வண்டி அல்லவா, பத்தரைக்கு மேலேதான் ஏறலாம். டிரைவர் ராபின்சன் “மேடத்திட்ட பேசுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுத்தானாம். கார்த்தியாயினி அவனைத் திட்டி நேரத்தைக் கெடுக்காமல் எல்லாரையும் இறக்கினாள். பெண்கள் தலையிலும் இடுப்பிலும் முந்திரிக்கொத்துத் தட்டு, முறுக்குத் தட்டு, அச்சப்பம் நிறைத்த பாத்திரம். பட்டுச்சேலை சரசரக்க, வரிசையாக என் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கார்த்தியாயினி புருஷனைப் பார்த்தாள், குலையைப் பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்த என் மெஷினைப் பார்த்தாள். “இஞ்ச பாருங்க, வச்சாச்சா?”

“இல்ல.”

“தெய்வமே.” தட்டைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினாள். நான் ஏதோ பெரிய சண்டை வரும் என்று ஒதுங்கினேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். “மக்கா, உனக்குக் கல்யாணம் ஆச்சா?”

“ஆச்சு.”

“அடுக்களை காண உனக்க அப்பன் குலை கொண்டு வந்தாரா?”

“கொண்டுவந்தார்.”

“எத்தன கிலோ இருந்தது?”

அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதையும் யாரும் தராசில் ஏற்றியிருக்கமாட்டார்களே. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தது. பிறகு மேலே கேமராவைப் பார்த்தது. “சேச்சி, எனக்குப் புரியும். ஆனா அது ஸ்டேஷன்ல ஓடிக்கிட்டு இருக்கு. சைக்கிளைப் பிடிச்சதைப் பாத்தாச்சு. எதை எழுதி நான் விடுவேன்?”

இந்த இடத்தில்தான் என் தலை வேலை செய்தது. மற்றவர்கள் மேடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் ரோட்டைப் பார்த்தேன். ஞானையன் சைக்கிளோடு முன்னால் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் கார்த்தியாயினி. அவளுக்குப் பின்னால் இரண்டு இரண்டு பேராகத் தட்டு ஏந்தின பெண்கள், அதற்குப் பின்னால் வேட்டி மடித்த ஆண்கள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எங்கேயோ என்ன, இதே முக்கில் வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறேன்.

“தங்கப்பா!” என்று கூவினேன். “கண்ணு தெரியல்லியா? ஜாதை வந்து நிக்குது!”

இருபது பேர் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் தங்கப்பனின் கை அவனைக் கேட்காமலே மேலே போனது. விசில் வாய்க்கு வந்தது. நெய்யாற்றின்கரை பஸ் கிறீச்சென்று நின்றது. பின்னால் கார்கள் நின்றன. ஒருத்தனும் ஹார்ன் அடிக்கவில்லை. ஜாதைக்கு ஹார்ன் அடிக்கிற தைரியம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

“ஜாதைக்குப் பெர்மிஷன் உண்டா?” என்றார் மேடம்.

“இந்த முக்கில எப்பம் எந்த ஜாதை பெர்மிஷன் கேட்டு வந்திருக்கு மேடம்?”

அப்போதுதான் அந்தப் பிள்ளை முதல்தடவையாகச் சிரித்தது. “அப்போ இந்த சைக்கிள்?”

“பிரச்சார வண்டி. ஜாதைக்கு முன்னால போறது.”

“என்ன பிரச்சாரம்?”

“வாழை விவசாயிகள் பிரச்சினை” என்றேன். அதுவும் பொய்யில்லை. அந்த நேரத்தில் எங்கள் முக்கில் இருந்த ஒரே பிரச்சினை ஒரு வாழை விவசாயியுடையதுதான்.

மேடம் தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஜாதை வந்தால் போலீஸ் முன்னால் நடக்க வேண்டும் என்பது வழக்கம். அவர் நடந்தார். தங்கப்பன் விசில் ஊதி வழி ஒதுக்கினான். அவர்களுக்குப் பின்னால் வியாபாரிகளின் பிரதிநிதியாக நான், என் பின்னால் ஞானையனும் சைக்கிளும். அவன் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே வந்தான். குலை இரண்டும் அசையாமல் வந்தது. பஸ்ஸுக்குள் இருந்து காலேஜ் பையன் ஒருத்தன் தலையை நீட்டி, “சிந்தாபாத்!” என்று கூவினான். முறுக்குத் தட்டு ஏந்தின கார்த்தியாயினியின் தங்கச்சியும் பழக்கதோஷத்தில் “சிந்தாபாத்!” என்றாள். போகிற வழியில் பச்சைப் பாதையின் மேல் நின்ற ஒரு காரின் சொந்தக்காரர் பதறி ஓடிவந்து காரை எடுத்தார். சட்டம் வந்த நாள் முதலாக அந்தப் பாதை காலியானது அன்றைக்கு ஒருமுறைதான்.

பத்துக்கு முன்னால் படி ஏறினோம். முன்னால் போலீஸும் பின்னால் இருபது பேரும் வருவதைக் கண்டு வேதமணி வாசலில் நடுங்கிப் போனார். டிரைவிங் ஸ்கூலில் ஏதோ கேஸ் என்று நினைத்தாராம். அனில் லைசென்ஸ் புத்தகத்தோடு ஓடிவந்தான். மேடம் குலையைக் காட்டிவிட்டு, ஒரு முந்திரிக்கொத்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

மாமியார் வீட்டுப் பெண்கள் குலையைச் சுற்றி வந்தார்கள். சீப்பு சீப்பாகப் பார்த்தார்கள். உச்சி தொட்டுக் காம்புவரை பார்த்தார்கள். ஒரு புள்ளி இல்லை, ஒரு தழும்பு இல்லை. அதில் மூத்தவள் ஒருத்தி வேறு வழியில்லாமல், “கொள்ளாம்” என்றாள். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் ஒரு மாமியார் வீட்டில் இருந்து அந்த வார்த்தை வந்தால் அது பத்மஸ்ரீ மாதிரி. அடுக்களை வாசலில் நின்ற சோனா அப்பனைப் பார்த்தாள். ஞானையன் புது வேட்டியில் பட்ட சங்கிலி எண்ணெயைத் துடைத்துக்கொண்டே வேறெங்கோ பார்த்தான்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேதமணிக்குச் சந்தோஷம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் உள்ளே போய், ரப்பர் ஒட்டுப்பால் தூக்குகிற கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு வந்தார்.

“சம்மந்தி, எனக்க வீட்டுக்கு வந்த குலை எம்புட்டு உண்டு எண்ணு ஊருக்குத் தெரியணும். தூக்கலாமா?”

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். ஞானையன் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்தான். “இனி அது நிங்களுக்க குலை. தூக்குங்க, வித்துக்கிடுங்க, திண்ணுங்க.”

கொக்கியில் ஒன்றைத் தூக்கினார்கள். பிறகு மற்றதைத் தூக்கினார்கள். அனில் செல்போனில் கூட்டினான். முப்பத்திரண்டு.

என் மெஷினில் ஏறியிருந்தால் குலையும் சைக்கிளும் இந்நேரம் ஸ்டேஷன் முற்றத்தில் கிடக்கும் என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. எனக்கும் புரிந்தது. ஞானையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

“எலே சதாசிவா, மீசையை இப்பம் எடுக்கணுமா, சோறு தின்னு கழிஞ்சு எடுத்தா மதியா?”

சபை முழுக்கச் சிரித்தது. நான் அசையவில்லை. துருப்பிடித்த கொக்கி, ஒட்டுப்பால் ஒட்டின டயல், எப்போது யார் சீல் வைத்ததென்று தெரியாத முள். நான் சொன்னது சொன்னதுதான். இருபத்தெட்டு. இந்தமாதிரித் தராசை நம்பி மீசையை எடுக்க நான் என்ன பத்தாம் கிளாஸ் படித்தவனா?